இடது வளைவு

சிதம்பரம்
3-8-2024

டோனிக்கு,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரைப் பிளாக் செய்து வைத்திருக்கிறாய், வேறு வழியில்லை. நம் பழைய சிவப்பு வண்டியை என் கடை டிரைவர் மணவாளனிடம் கொடுத்து, டேஷ்போர்டு பெட்டியில் இந்தக் காகிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

வண்டி சொன்ன பேச்சு கேட்பதில்லை. இடது பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கை நீட்டிக்கொண்டு நேரே எதிர்ப்பக்கத்துக்குப் போகிறது. நம் ரேஸ் பாஷையில் அண்டர்ஸ்டீர். மகள் அருள்மொழியைத் தினமும் இதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். குளத்தோர இடது வளைவு வந்தாலே காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். இந்த வண்டியின் எலும்பு நரம்பெல்லாம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

பாலகுமார்


கடலூர் முதுநகர்
7-8-2024

பாலகுமார் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. குழந்தை போகிற வண்டி என்பதற்காக மட்டும் கை வைத்தேன்.

முன் சக்கரங்களின் தலையை உள்பக்கமாக இன்னும் ஒரு டிகிரி சாய்த்திருக்கிறேன். இரண்டின் முன்நுனியையும் மயிரிழை அளவு வெளியே பார்க்க வைத்திருக்கிறேன். இனி திருப்பிய உடனே வண்டி உள்ளே வரும்.

அலைன்மெண்ட் முடித்ததும் எந்த வண்டியையும் நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். உன் வண்டியை ஓட்டவில்லை. கம்மாபுரம் செம்மண் ரேஸில் அது கவிழ்ந்த அன்றே, இனி இதில் ஏற மாட்டேன் என்று மாதா முன்னால் சொல்லிவிட்டேன். உன் வாய்ச்சொல்லை நம்பித்தான் போல்ட்டைத் திருகினேன்.

“எனக்கு நல்லாத்தாண்ணே திரும்புது” என்றான் மணவாளன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவனுக்கு எல்லா வண்டியும் நன்றாகத்தான் திரும்பும். இடது மிரர் உடைந்து தொங்கியது, மாற்றிவிட்டேன்.

டோனி


சிதம்பரம்
24-8-2024

டோனி,

வலது பக்கம் இப்போது கத்தி மாதிரி திரும்புகிறது. இடது பக்கம் அதே கதைதான், மறுபடியும் அனுப்புகிறேன், இன்னும் உள்ளே திரும்ப வை. நேற்று எதிரே வந்த பஸ்காரன் இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். அருள்மொழி காதைப் பொத்திக்கொண்டாள்.

கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். மனதில் ஏதாவது வைத்துக்கொண்டு செய்தாயா? கம்மாபுரத்திலும் இடது வளைவில்தான் கவிழ்ந்தோம். என்ஜின் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது, கைதான் நமக்குப் பாஷை. பக்கத்து சீட்டிலிருந்து நீ இடது கையை நீட்ட வேண்டும், நான் திருப்ப வேண்டும். நீ நீட்டவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் “காட்டுனேன்டா, காட்டுனேன்டா” என்று சாதித்தாய். ஒரு தடவை ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பாலகுமார்


முதுநகர்
29-8-2024

பாலகுமார்,

காட்டினேன். என் உயிர் போனாலும் அதைத்தான் சொல்வேன். காட்டிய கையில்தான் இன்றைக்கும் எலும்போடு ஸ்டீல் பிளேட் இருக்கிறது. மழை வந்தால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை.

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். பின்பக்க ஸ்டெபிலைசர் கம்பியைத் தடித்ததாக மாற்றியிருக்கிறேன். பின்பக்கம் இறுகினால் முன்பக்கம் சுலபமாக உள்ளே திரும்பும். இதற்கு மேல் திருகினால் வண்டியின் வால் வழுக்கிச் சுற்றும். ரோடு ஈரமாக இருந்தால் பார்த்துப் போ. இடது கதவில் புதிதாக மூன்று கோடு இழுத்திருக்கிறது. எங்கே கொண்டு போய் உரசுகிறாய்?

இனி இந்த வண்டியை அனுப்பாதே.

டோனி


சிதம்பரம்
12-9-2024

டோனி,

மடியில் வைத்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் குளத்தோர வளைவு. இந்தத் தடவை வண்டி திரும்பியது, அளவுக்கு ஜாஸ்தியாகத் திரும்பியது. “அப்பா, செவுரு! செவுரு!” என்று அருள்மொழி அலறினாள். எந்தச் சுவர் என்றே எனக்குத் தெரியவில்லை. பாலத்துச் சுவர் அவள் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உரசிப் போன பிறகுதான் பார்த்தேன். முழங்கையில் ஆறு தையல். அழக்கூட இல்லை அவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை அனுப்புகிறேன். என் மகளை நீ என்ன செய்திருக்கிறாய் என்று வந்து பார்.

பாலகுமார்


முதுநகர்
13-9-2024

மச்சான்,

உன் நம்பர் மேல் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். பதினேழு தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை. இதை மணவாளனிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். வண்டி இங்கேயே நிற்கும். நீ அதைத் தொடக் கூடாது.

சத்தியத்தை மீறி ஏறினேன். ஐயோ, பிள்ளைக்குத் தையல் போட்டிருக்கிறது, மாதா என்னை மன்னிக்கட்டும். துறைமுக ரோட்டில் இடது, வலது என்று மாற்றி மாற்றி இருபது தடவை திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது. பின்பக்கம்தான் துள்ளுகிறது, அது நான் செய்த பாவம். நீ கேட்டாய் என்பதற்காக ரோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். முதல் நாளே ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது. இடது பக்கம் பம்பர், ரிம், கதவு, மிரர் என்று ஒரு சாண் இடம் பாக்கியில்லை. இரண்டு தடவை வண்டி என் கைக்கு வந்தும் எனக்கு உறைக்கவில்லையே! வண்டி திரும்பாமல் இல்லை. வளைவு உன் கண்ணுக்கு லேட்டாகத் தெரிகிறது.

கோபப்படாமல் ஒன்று செய். வலது கண்ணைப் பொத்திக்கொள். எதிரே இருக்கிற காலண்டரை மட்டும் பார். அருள்மொழியை உன் இடது பக்கம் நின்று கையை ஆட்டச் சொல். அப்புறம் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போ.

கம்மாபுரத்துப் பேச்சை நான் இப்போது எடுக்க மாட்டேன்.

உன் டோனி


சிதம்பரம்
22-9-2024

மச்சான்,

உன் காகிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன்னைப் பொய்யனாக்கிக் காட்டத்தான் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். “ம், ஆட்டு” என்றேன். காலண்டர்தான் தெரிந்தது. “ஆட்டுடி” என்றேன் மறுபடியும். “எவ்ளோ நேரமா ஆட்டுறேம்ப்பா” என்றாள், அடிபட்ட கையோடு. அடுப்படியிலிருந்து வந்த அவள் அம்மா எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றுவிட்டாள்.

இடது கண்ணில் பிரஷர் ஏறி ஓரத்து நரம்பெல்லாம் செத்துவிட்டதாம். வலியே இருக்காதாம். எதிரே இருப்பது தெரிவதால் ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்கிறார்கள். “எத்தனை வருஷமா இருக்கும் டாக்டர்?” என்று கேட்டேன். நாலு அல்லது ஐந்து என்றார். கம்மாபுரம் நடந்து மூன்று வருஷம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் இடது கையை நீட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

நீ கை காட்டியிருக்கிறாய், மச்சான்.

ஊர் முழுக்க உன்னைப் பொய்யன் என்று சொல்லித் திரிந்தேன். அத்தனை பேரிடமும் போய் நீ பொய்யன் இல்லை என்று சொல்வேன், ஒருத்தரை விடாமல்.

வண்டியைப் பழையபடி வை. பின் கம்பியை மெலிசாகப் போடு, முன் சக்கரத்தை நிமிர்த்து. வேகம் போனால் மூக்கு கொஞ்சம் நேரே போகட்டும், வால் சுற்ற வேண்டாம். இனி எழிலரசிதான் ஓட்டுவாள். லைசென்ஸ் வைத்திருந்தும் பத்து வருஷமாக நான் அவளை ஓட்ட விட்டதில்லை. திரும்பி வரும்போது நீ உட்கார்ந்திருந்த சீட்டில் நான் உட்கார்ந்து வருவேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாண்டுக்கு வந்தால் என் வலது பக்கமாக வந்து நில். உன்னை முழுசாகப் பார்க்க வேண்டும்.

உன்
பாலகுமார்