நிமிர்ந்து கேட்பவள்

ஜூலை 9, செவ்வாய்

மழை. துணி எதுவும் காயவில்லை. என் மகள் லூப்பே காலையிலிருந்து காது மெஷினைக் கழற்றிக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போகிறாள், பிடிக்காத பலகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல. ஆறு வயது. தலைநகர் அபியாவின் ஆஸ்பத்திரியில் அதை மாட்டிவிட்டால் பேச்சு தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சத்தம் கேட்கிறது. சொல் பிடிபடவில்லை. "பொறுமையா இரு" என்கிறார் என் வீட்டுக்காரர் லஃபாய். அவர் கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

ஜூலை 17, புதன்

ரூத்தா டீச்சர் வந்தார். காது மந்தமான பிள்ளைகளுக்குப் பேச்சைப் புரியவைப்பது அவர் வேலை. வாரம் ஒருநாள் எங்கள் தீவுக்கு வருகிறார்.

"நீங்க அவகிட்ட பேசுங்க, நான் பாக்குறேன்" என்றார். பேசினேன். லூப்பே சப்பணமிட்டு, தலையைக் குனிந்து, பாயைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் இப்படித்தானே உட்கார வேண்டும்? ஊரில் இவளைப்போல் அடக்கமான பிள்ளை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "தெலேசியா, நானும் இப்படி வளந்தவதான். ஆனா இவளுக்குப் பாதிப் பேச்சு காதுல வருது, மீதி உங்க முகத்துல இருக்கு. பாயைப் பாத்துக்கிட்டிருந்தா பாயா பேசும்?"

சுருக்கென்றது. அவருக்குக் கொடுத்த கோகோவில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்தேனா? போகட்டும். அவர் போன பிறகு யோசித்தால், அவர் சொன்னது சரிதான்.

ஜூலை 20, சனி

முகவாயைத் தொட்டு நிமிர்த்தினேன். அடிக்கப்போகிறேன் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டீச்சர் உத்தரவு: வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார வேண்டும். கையைக் காட்டக் கூடாது. கத்தவும் கூடாது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் என் உயிரை வாங்குகிறது.

"தேங்காய் எடுத்துட்டு வா" என்றேன். வாழைப்பழம் வந்தது. மறுபடி சொன்னேன். சேப்பங்கிழங்கு வந்தது. கை தேங்காய் இருக்கும் மூலையைக் காட்டத் துடித்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். போனாள். தேங்காயோடு வந்தாள்.

அதைத் துருவும்போது அழுதுவிட்டேன். வெங்காயம் என்று லஃபாயிடம் சொன்னேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்று வந்தது வினை. அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் பாயில் உட்கார்ந்து தலை குனிந்தோம். ஜெபத்தை நடத்துவது எப்போதும் லஃபாயின் அக்கா சினாபத்தி அண்ணிதான். லூப்பே மட்டும் தலை நிமிர்ந்து அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமென் முடிந்ததும், "பெரியவங்க மூஞ்சிய முறைக்க யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் அண்ணி.

"நான்தான் அண்ணி. பாத்தாத்தான் அவளுக்குப் புரியும்."

"ஜெபம் ஆண்டவருக்குப் புரிஞ்சாப் போதும்."

லஃபாய் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் தம்பி அக்காவை எதிர்த்துப் பேசமாட்டான், மாடு முட்டினாலும் பேசமாட்டான். தெரியும். ஆனாலும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது — உம் பொண்ணுதானய்யா அது? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

செப்டம்பர் 8, ஞாயிறு

வெள்ளை ஞாயிறு கோயிலில் பிள்ளைகளின் திருநாள். அன்று யார் என்ன செய்வது என்று பங்கு பிரித்தார்கள். ஞாயிறு பள்ளி அண்ணியின் ராஜ்ஜியம். சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் வசனம். லூப்பேவுக்கு ஆட்டுக்குட்டி வேஷம். பேச்சே இல்லை.

"அவ வசனம் சொல்லுவா அண்ணி."

"சொல்லுவா. அப்புறம் போதகர் ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாரே, அதுக்கு? ஊர் முன்னாடி திருதிருன்னு முழிக்கவா?"

"முகத்தப் பாத்தா புரிஞ்சுக்குவா."

"கோயில்ல, போதகர் முகத்தையா? அவ நிமிந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"எந்திரிங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் இப்படிப் பேசியதில்லை.  வசனம் கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மனப்பாடம் ஆகிவிட்டது. அது கிளிகூடச் சொல்லும். எனக்கு வேண்டியது, யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்விக்கு அவளாகச் சொல்லும் பதில். இன்று "அப்பா எங்கே?" என்றேன். "கடல்ல. மீன் இல்லாம வருவாரு" என்றாள். அப்படியே வந்தார்.

அக்டோபர் 12, சனி

வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டாயிற்று. வானம் கறுத்துக் கிடக்கிறது. கோயில் கூரை தகரம், மழை பெய்தால் பேச்சே கேட்காது. ஆண்டவரே, நாளை ஒருநாள் மட்டும்.

அக்டோபர் 13, வெள்ளை ஞாயிறு

ஆண்டவர் கேட்கவில்லை. லூப்பே வசனத்தைத் தடுமாறாமல் சொல்லி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. போதகர் புத்தகத்தைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். லூப்பே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சுகளில் முணுமுணுப்பு. அவர் வாய் புத்தகத்துக்குப் பின்னால் இருந்தது. மறுபடி கேட்டார். அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் தலையைக் குனியவே இல்லை, என் தங்கம்.

அண்ணி எழுந்தார். சொன்னபடியே செய்கிறாள் பாவி, போகப்போறா, என் பிள்ளைய நடுக்கோயில்ல விட்டுட்டுப் போகப்போறா —

போகவில்லை. முன்னால் நடந்தார். அந்தக் கனத்த உடம்போடு லூப்பேவின் எதிரே தரையில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, போதகர் கேட்டதையே கேட்டார்: "நோவாவோட கப்பல்ல ஏற உன்னையும் கூப்பிட்டா, கூட எதக் கூட்டிட்டுப் போவ?"

லூப்பே யோசித்தாள். கோயிலே காத்திருந்தது.

"பன்னி. ஆனா சேவல் வேணாம். கத்திக்கிட்டே இருக்கும், நோவா சொல்றது எனக்குக் கேக்காது."

மழையை மிஞ்சிச் சிரித்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி எழுந்திருக்க லஃபாய்தான் கை கொடுத்தார். மத்தியானம் வழக்கப்படி பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறினோம். லூப்பேவின் தட்டில் அண்ணி பன்றிக்கறியைக் குவித்துவிட்டார். "உங்களையே மண்டி போட வெச்சுட்டாளே" என்று யாரோ சீண்டினார்கள். "முழங்கால் வலி, அதான் உக்காந்தேன்" என்றார்.

என் மகள். என் மகள். வேறென்ன எழுத?

நவம்பர் 5, செவ்வாய்

ஆக்லாந்திலிருந்து லஃபாயின் சித்தப்பா வந்திருக்கிறார். அந்தி ஜெபத்தில் அண்ணி விளக்குக்கு நேர் கீழே இடம் மாறி உட்கார்ந்தார்.  ஜெபம் முடிந்ததும் சித்தப்பா, "இந்தப் பொண்ணுக்கு யாரும் மரியாதை சொல்லித்தரலியா? மூஞ்சியவே பாக்குதே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "அவ கேட்டுக்கிட்டிருந்தா சித்தப்பா. நீங்கதான் தலையக் குனிஞ்சு தூங்கிட்டிருந்தீங்க."