நடுச்சுவர்த் தொட்டியில் பாசி

ஜனவரி 9

மறுபடியும் பாசி. போன ஞாயிறுதான் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டேன். இன்று பார்த்தால் பச்சை முடி முளைத்து ஆடுகிறது. என் தலையில் நிற்காத முடி, தொட்டியில் இப்படித் தழைக்கிறது.

மோட்டாரும் பைப்பும் விற்று ஆளானவன் நான். தண்ணீர் எங்கே ஏறும், எங்கே தேங்கும் என்று ஒரு வீட்டின் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். நாலடித் தொட்டியில் கிடக்கிற உப்புத் தண்ணீர் என்னை ஏய்க்கிறது.

ஜனவரி 12

மீன்கடைக்காரரிடம் போனேன். வாயுள்ள பிள்ளை. கடல்மீன் வளர்க்கிறவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அத்தனை பேரும் அவர் பிடிக்குள். பாசி தின்னும் நத்தை கொடுத்தார்.

"இறக்கி விடுங்க முதலாளி, மாடு மேயற மாதிரி மேஞ்சிடும்."

"மேயலைன்னா?"

"மேயலைன்னா வாங்க, வேற இருக்கு."

வேறு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி வைக்கிறவன் பிழைக்கத் தெரிந்தவன். மோட்டார் விற்கும்போது நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஜனவரி 20

நத்தை மேய்ந்தது. பாசி அதைவிட வேகமாக வளர்ந்தது.

ஜனவரி 23

மோட்டார் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "சுவருக்குள்ளயே வெச்சுக் கட்டியிருக்கீங்க, நல்ல டிசைன் சார்" என்றார்.

டிசைனாம்.

நானும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை பிரிந்தபோது வீடும் பிரிந்தது. கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப வேண்டும். கூடத்தின் நடுவேதான் தொட்டி. நகர்த்தினால் விரிசல் விடும் என்றார்கள். எனக்குத்தான் என்று தம்பி சொன்னான். எனக்குத்தான் என்று நானும் சொன்னேன். பஞ்சாயத்துக்கு வந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். "செத்த மீனைக் கூறு போடலாம், உசுரோட இருக்கறதை எப்படிடா போடறது?" கடைசியில் கொத்தனார் தொட்டியை அப்படியே விட்டு, மேலும் கீழும் பக்கங்களிலும் செங்கல் வைத்தார். ஒரு பக்கக் கண்ணாடி எனக்கு, மறுபக்கம் அவனுக்கு. மேலே ஆளுக்கொரு சின்னக் கதவு, ஆளுக்கொரு விளக்கு. நீரோட்ட மோட்டார் மட்டும் என் பக்கம்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் மீன்களுக்கு நடுவே அவன் நடமாடுவது தெரியும். நான் நடமாடுவது அவனுக்கும் தெரிந்திருக்கும். கண்ணும் கண்ணும் பட்டுவிட்டால் இருவரும் மீனைப் பார்ப்போம்.

இப்போது பாசி வந்து அதையும் மூடிவிட்டது. அந்தப் பக்கம் ஆள் நடந்தால் பச்சைக்குள் ஒரு நிழல் போகிறது. அவனா, அவன் பெண்டாட்டியா என்றுகூடத் தெரிவதில்லை.

பிப்ரவரி 2

இருட்டில் போட்டால் பாசி செத்துவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். விளக்கை அணைத்து, கனத்த போர்வையைக் கொண்டுவந்து என் பக்கக் கண்ணாடியை மூடினேன்.

பிப்ரவரி 3

போர்வை பச்சையாக ஒளிர்கிறது. அவன் விளக்கு எரிகிறது! நான் இங்கே இருட்டடிப்பு செய்தால் அவன் அங்கே வெளிச்சம் போடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா? அவனுக்கு எப்படித் தெரியும்? பேசினால்தானே தெரியும்.

பிப்ரவரி 10

பாசி மருந்து. சொட்டு சொட்டாக விட்டேன், அட்டையில் போட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடவில்லை.

பிப்ரவரி 11

மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது. நத்தைகள் ஒன்றுகூட அசையவில்லை.

சுவருக்கு அப்பால் தம்பி பெண்டாட்டி குரல்: "அந்தப் பக்கம் என்னத்தையோ ஊத்திட்டாங்க." இந்தப் பக்கம் என் மனைவி, அவளுக்குக் கேட்கட்டும் என்றே: "நாங்க சரியாத்தான் ஊத்தினோம். யாரு என்னத்தை ஊத்தினாங்களோ."

மீனை எடுக்க மேல் கதவைத் திறந்து கையை விட்டேன். அதே நேரம் எதிர்க் கதவு திறந்து இன்னொரு கை இறங்கியது. சுண்டுவிரலில் நகம் இல்லாத கை. எங்கள் பழைய கடையில் மோட்டார் பெல்ட்டில் மாட்டிப் போன நகம். இரண்டு கைகளும் மீனுக்கு இரு பக்கமும் நின்றன. நான் இழுத்துக்கொண்டேன். அவன் எடுத்தான்.

எங்கே புதைத்தானோ, எறிந்தானோ.

பிப்ரவரி 14

கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். மீன் செத்துப் போச்சேய்யா, என்ன மருந்து கொடுத்தாய் என்று. ஆள் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"உங்க தம்பியும் அதே மருந்துதான் வாங்கிட்டுப் போனாரு. ரெட்டை டோஸ் ஆயிடுச்சு போல."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே முதலாளி."

அப்புறம், விற்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும், உண்மையைச் சொன்னார். "காலைல நீங்க தீனி போடறீங்க. சாயங்காலம் அவரு போடறாரு. உங்களுக்கு அவரு போடறது தெரியாது, அவருக்கு நீங்க போடறது தெரியாது. ரெண்டு வீட்டுச் சாப்பாட்டை அந்தச் சின்ன வயிறு எப்படிங்க தாங்கும்? மிச்சமெல்லாம் கரைஞ்சு பாசிக்கு உரம். போதாததுக்கு ரெண்டு விளக்கு. ஒரு வீடு நிறுத்தினாப் போதும், பாசி தானா அடங்கிடும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நத்தையை யாரு வாங்குவா?"

சிரித்துவிட்டேன். தொழில்காரன்.

பிப்ரவரி 16

நேற்றும் இன்று காலையும் தீனி போடவில்லை, விளக்கும் போடவில்லை. நான் நிறுத்தினால் என்ன, பெரியவன்தானே என்று தோன்றியது.

மிச்சம் இருப்பது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. நாள் முழுக்க அந்தப் பக்கக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன. என் பக்கம் திரும்பவே இல்லை. இப்படியே விட்டால் மீன் அவனுடையதாகிவிடும். என் பங்கு மோட்டார் ஓட்டுவது மட்டும்தானா?

சாயங்காலம் நானும் ஒரு சிட்டிகை போட்டேன்.

பிப்ரவரி 19

தம்பியை நிறுத்தச் சொல் என்று மீன்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். பதில் வந்தது.

"'அண்ணன் வாசல் வழியா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே நிறுத்திடறேன்'னாரு முதலாளி."

நான் போகணுமாம். எதுக்குப் போகணும்? பெரியவன் யாரு, சின்னவன் யாரு? தொழில் கத்துக் குடுத்தவன் நான். அடுத்த தெருவுல எனக்கு எதிரா அதே மோட்டாரை அடுக்கி வெச்சு விக்கறவன் வாசல்ல நான் போய் நிக்கணும், மீனுக்குச் சோறு போடாதேன்னு கேக்கணும். நல்லா இருக்கு நியாயம்.

போகமாட்டேன்.

பிப்ரவரி 23

மனைவி: "நாலு எட்டு நடந்தா பாசி போயிடும்னா நடக்க வேண்டியதுதானே. பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு கைதான் தேயுது."

சட்டையை மாட்டினேன். செருப்பைப் போட்டேன். அவன் வாசலில் பைக் இருந்தது. அப்படியே கடைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 28

அந்தப் பக்கக் கண்ணாடியில், ஆள் நிற்கிற உயரத்தில், ஓர் இடம் மட்டும் சுரண்டித் துடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கை அகலம். அதன் வழியே ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது. அசையவில்லை.

மீனைப் பார்க்கத்தான் துடைத்தானா?

நான் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனேன். ஏன் அணைத்தேன்?

மார்ச் 6

அந்த இடத்திலும் பாசி மூடிவிட்டது.

மார்ச் 15

சரக்கு எடுக்க வெளியூர் போய் இன்றுதான் திரும்பினேன். அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை. பல்ப் போயிருக்கும். வாங்கி மாட்டுவதற்குச் சோம்பேறித்தனம்.

மார்ச் 17

பல்ப் இல்லை. காலி செய்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரிக்கு முன்பே தெரியும். துணி காயப்போடும் இடத்தில் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், இத்தனை நாளும்.

"கடைக்குப் பக்கத்துலயே வீடு பார்த்துட்டாங்க. சாமானெல்லாம் நீங்க இல்லாதப்ப ஏத்திட்டாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்த வீட்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னது யாரு?" கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள். "போறப்ப வந்தாரு."

"யாரு?"

"உங்க தம்பிதான். வாசல் வழியா. அண்ணன் இருக்காரான்னாரு. இல்லேன்னேன். உள்ள வந்து உங்க நாற்காலி பக்கத்துல நின்னு தொட்டியைப் பார்த்தாரு. 'இந்தப் பக்கமும் அதே பச்சைதானா அண்ணி'ன்னாரு."

"வேற?"

"வேற என்ன? தண்ணி குடிச்சிட்டுப் போனாரு."

வந்திருக்கான். வாசல் வழியா. நான் நட்டும் போல்ட்டும் பேரம் பேசிக்கிட்டு எங்கயோ நின்னிருக்கேன்.

ஏப்ரல் 4

பாசி வெளுக்கிறது. தொட்டால் பிய்ந்து வருகிறது. கடைக்காரர் கடைவாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ஒரு வீடு நிறுத்தினாப் போதும்னேன்ல?"

தலையாட்டிவிட்டு நடந்தேன். அவரும் அதற்கு மேல் எதையும் விற்கப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21

தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. பாறையில் ஒரு பச்சை நூல் இல்லை. அந்தப் பக்கத்துக் கூடம் மூலை முடுக்கெல்லாம் தெரிகிறது. நாள்காட்டி மாட்டியிருந்த ஆணி, சோபா இருந்த தடம். பெயின்டர் ஏணி போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவரே நம் வாசலுக்கு வந்தார்.

"வாடகைக்கு விடறாங்க சார். தொட்டிக் கண்ணாடியைப் பலகை வெச்சு அடைச்சிரலாமான்னு கேக்கச் சொன்னாரு."

"யாரைக் கேக்கச் சொன்னான்?"

"அண்ணனைக் கேட்டுட்டுச் செய்யின்னாரு."

"அடைக்க வேணாம்னு சொல்லு."

"குடி வர்றவங்க எட்டிப் பார்ப்பாங்களே சார்."

"பார்த்துட்டுப் போகட்டும்."

சாயங்காலம் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் மங்குகிற நேரம் ஆனதும் மீன்கள் இரண்டும் அந்தப் பக்கம் போயின. அவன் திறக்கும் சின்னக் கதவுக்குக் கீழே, வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. என் பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். தீனி அவற்றின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக இறங்கிப் பாறையில் படிந்தது. திரும்பவில்லை.

கிடந்தால் பாசி பிடிக்கும். வலையை விட்டு எடுத்துவிட்டேன்.