நாத்தனார் முடிச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன அட்டவணையைப் பார்த்தேன். காலையில் நந்தனத்தில் நீச்சல், மதியம் அபாகஸ், மாலையில் கீபோர்டு, ராத்திரி பால். என்னைக் கழற்றிவிட எவ்வளவு உழைத்திருக்கிறாய்! உன் தி.நகர் கடைக்காக நீ ஒருநாளும் இவ்வளவு யோசித்ததில்லை.

"பிள்ளைங்களுக்கு கிளாஸ் போயிரும். உன்ன விட்டா யாரும்மா பாத்துக்குவா?" என்று மதனி குழைந்தாள். நம் தம்பி கல்யாணத்துக்கு, பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறும் குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன். விவாகரத்து வாங்கியவள் மணமேடைக்கு ஆகாது என்பதுதான் காரணம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லவும் ஒரு துப்பு வேண்டுமே.

உன் மகளுக்கு இருக்கும் மூளை உனக்கில்லை. நீச்சலுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "அத்தை, மாப்பிள்ளையோட அக்காதானே மூணாவது முடிச்சு போடணும்? நீங்க இங்க இருந்தா யாரு போடுவாங்க?"

"உங்கப்பாவையே கேளு" என்றேன்.

"போய்க் கேப்போமா?" என்றாள். அதற்குள் உன் மகன் நீச்சல் உடையைப் பையிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பட்டுச்சட்டையைத் திணித்துக்கொண்டிருந்தான்.

ரயிலில் எழுதுகிறேன். அதுதான் எழுத்து இப்படி ஆடுகிறது. மண்டபத்தில் இதை உன் கையில் கொடுக்கப்போவது உன் மகள்தான். படித்து முடித்ததும் நிமிர்ந்து மேடையைப் பார். மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்பது நான்தான்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் ஒரே அக்கா