உன் ஷூவில் ஒன்பது கிலோமீட்டர்

என் அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். அவள் கணக்கில் தேறிவிட்டாள். சமையல் என் கையில் இருப்பதால் இருவரும் கொஞ்சம் இளைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உன் நர்ஸ் விடுதி அறையில் மின்விசிறியைச் சரிசெய்தார்களா? வார்டன் அசையவில்லை என்றால் சொல், நான் பேசுகிறேன். வேண்டாம், நீயே பேசு. நான் பேசிக் கெடுத்தது போதும்.

இதைப் போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் மாவு தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்று என்னென்னவோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனாயே, அதே ஷூதான். நம் இருவருக்கும் ஒரே அளவுக் கால் என்று உன் தம்பி கல்யாணமான புதிதில் என் உயிரை வாங்கினான் அல்லவா, அது இப்போதுதான் உபயோகப்பட்டது. நேரம் காலை பத்து மணி. வேண்டுமென்றே வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து கிளம்பினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார். மகளோ, "அப்பா, அம்மா ஷூவை எதுக்கு எடுத்த, பிச்சிடாத!" என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தாள்.

நீர்த்தொட்டி மேட்டுக்குப் பின்னால் போகும் மலைப்பாதைதான். இரண்டாவது கிலோமீட்டரிலேயே உள்ளங்கால் கொதித்தது. அடுத்து ஓடை. முழங்கால் வரை தண்ணீர் என்பதால் ஷூவுக்குள் மேலே இருந்து இறங்கிவிட்டது. இறங்கிய தண்ணீர் வெளியே போக வேண்டுமா இல்லையா? போகவில்லை. வாட்டர்புரூஃப் என்று பெருமையாக வாங்கினேனே, அந்த அருமையான துணி ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. அதன்பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் காலை விட்டுக்கொண்டு ஓடினேன். இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் முட்டி முட்டி நகம் கறுத்துவிட்டது. ஒன்பதாவது கிலோமீட்டரில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தேன். நான்கு கொப்புளம். மகள் எண்ணிச் சொன்னாள்.

மலை மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டத்தில் நீ இதே ஷூவோடு பதினான்கு கிலோமீட்டர் ஓடியிருக்கிறாய். அதை நினைத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருஷமாக டயர் பட்டறை வைத்திருக்கிறேன். சேற்றுக்கான ஆழப் பல் டயரை மாட்டிக்கொண்டு கெட்டித் தரையில் ஓட்டாதே, சூடேறிக் கிழியும் என்று வருகிற வண்டிக்காரனிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவன், சொந்தப் பெண்டாட்டிக்குக் கோடைக்கால ஓட்டத்துக்கு எதை வாங்கினேன்? அடியில் இருப்பதிலேயே ஆழமான பல், இருப்பதிலேயே தடித்த ரப்பர், உள்ளே காற்றே போகாத துணி. கனமாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். லாரிக்கு வாங்குவது போல வாங்கியிருக்கிறேன்.

அதோடு விட்டேனா? நீ அந்தப் பதினான்காவது கிலோமீட்டரில் ஓட முடியாமல் பாதியில் நின்ற மறுநாள் உன் தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஷூ நல்லாத்தான் ஓடுது, ஆள்தான் ஓட மாட்டேங்குது" என்றேன். என் அக்கா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நீ எழுந்து போய்க் கை கழுவினாய். மீட்புக் குழுவைப் பற்றி அதன்பிறகு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாய்க்கொழுப்பை என்னவென்று சொல்ல!

தப்பு உன்மேல் இல்லை. நான் வாங்கிய ஷூமேல், அதைவிட என்மேல். என்னை மன்னித்துவிடு.

இந்த வருஷத்தோடு உனக்கு வயது வரம்பு முடிகிறது. விண்ணப்பத்துக்குப் பதினெட்டாம் தேதி கடைசி. கால் ஒடிந்து மலைமேல் ஆறு மணி நேரம் கிடந்த அந்த ஆளை உங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த அன்று, "இனிமே நானே ஏறிப் போவேன்" என்று நீ ஒற்றைக் காலில் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. பெயரைக் கொடுத்துவிடு.

கடைக்குப் போய் விசாரித்தேன். வெயிலுக்கு வலைத்துணி ஷூதான் வேண்டுமாம். தண்ணீர் போனால் அப்படியே வடிந்து, ஓட ஓட உலர்ந்துவிடுமாம். வலையின் ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த பாதைக்குப் பல் ஆழம் வேண்டாம், குட்டையாக நெருக்கமாக இருந்தால் போதும். சூட்டில் கால் வீங்கும், ஆகவே அரை சைஸ் கூட. பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு ஜோடியைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் காலுக்கு இனிமேல் நீதான் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, திட்டியாவது போடு.

உன்,
டயர்க்காரன்

*

என் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மின்விசிறி ஓடுகிறது, நானே பேசிவிட்டேன். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மருந்து போடுங்கள். கறுத்த நகம் தானாக விழுந்து முளைக்கும், எனக்கு முளைத்தது. மகளுக்கு ராத்திரி பால் கொடுக்கிறீர்களா?

பெயரை நான் போன மாதமே கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை. விடிவதற்குள் எழுந்து இங்கே விடுதிக்குப் பின்னால் உள்ள குன்றில் தினமும் ஓடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பத்து மணி வெயிலில்.

ஷூவும் வாங்கியாகிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு, கால் புடைத்துப் போய் செருப்பே கடிக்கும் நேரமாகப் பார்த்து நேராகக் கடைக்குப் போனேன். அப்போது எது காலை இறுக்காமல் இருக்கிறதோ அதுதான் மலைக்கும் சரிவரும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து ஜோடி போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் வாட்டர்புரூஃப்தான் உயர்ந்தது என்று விடாமல் சொன்னார். "ஒருத்தர் சொல்லிக் கேட்டதே போதும்ங்க" என்றேன். நீங்கள் சொல்வது போலப் பெரிய வலையும் வேண்டாம். இந்தப் பாதையில் மண் மாவு போல இருக்கிறது, எல்லாம் உள்ளே வந்து தோலை அறுக்கும். நெருக்கமான மெல்லிய வலையாக எடுத்தேன். கடையிலிருந்த சாய்வுப் பலகையில் இறங்கி, விரல் முட்டவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு இங்குள்ள ஓடையில் இரண்டு முறை இறங்கிவிட்டேன். வடிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். மறைக்க மாட்டேன். நீங்கள் அந்த வெயிலில் என் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி வந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னை மலையில் உட்காரவைத்தது ஷூதான். அதை அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த வார்த்தையை மட்டும் பதினோரு மாதமாக என்னால் விழுங்க முடியவில்லை. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேலி செய்தீர்கள். மன்னிப்பை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினால் எப்படி?

ஓட்டம் இருபத்தாறாம் தேதி. காலை எட்டு மணிக்கு விடுகிறார்கள். பத்தே கால் மணிக்கெல்லாம் நான் பதினான்காவது கிலோமீட்டருக்கு வந்துவிடுவேன். நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் தம்பியும் உங்கள் அக்காவும் கண்டிப்பாக வர வேண்டும். எனக்கு எழுதியதை அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

நான் அங்கே நிற்க மாட்டேன். அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

உங்கள்,
மனைவி