அவர் குரல் மட்டும்

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்காவது பாட்டில் என் பங்கு இன்று முடிந்தது. பாட்டைப் பதிவு செய்யும் மீராசா பாய், சத்வா ஏரியாவில் இருக்கும் தன் ஃபிளாட்டில் படுக்கையறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கி வைத்திருக்கிறார். சுவரெல்லாம் கம்பளி. சத்தம் விழுமென்று ஏசியையும் அணைத்துவிடுவார். உள்ளே நின்று காதல் பாட்டு பாடினால் காதல் வருமோ என்னவோ, வேர்வை ஆறாக ஓடுகிறது.

கூடப் பாடுகிற வீரபாண்டிக்கு ஞாயிறு லீவு. எங்கள் பார்லரில் ஞாயிறன்றுதான் கூட்டம், எனக்குச் செவ்வாய். ஆல்பத்தில் ஆறும் ஜோடிப் பாட்டு. ஆனால் ஜோடியாக நின்று ஒரு வரி பாடவில்லை. நான் முதலில் பாடி வைக்கிறேன். அவர் ஞாயிறன்று தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்து, ஹெட்ஃபோனில் என்னைக் கேட்டபடி தன் வரிகளைப் பாடிவிட்டுப் போகிறார். "நீங்க கேட்டு வைங்க மேடம், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்பார்.

மேடமாம். இங்கே வளைகுடாவில் தமிழ்ச் சங்கத்து மேடையில் பழகி மூன்று வருடம் ஆகிறது. உமாராணி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பகலெல்லாம் வயரிங் வேலை பார்த்துவிட்டு இவ்வளவு உருகி இந்தப் பாட்டுகளை எழுதுகிற மனிதருக்கு அந்தப் பெயர் மட்டும் வாயில் வராதா? ஒரு தடவை சொன்னால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்று அவர் பாடிய பிறகு பாய் நான்காவது பாட்டை முழுசாகச் சேர்த்து அனுப்பினார். கேட்ட மயக்கத்தில் ஒரு அம்மாவின் புருவத்தைக் கூடுதலாக எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

சங்க நிகழ்ச்சியில் வீரபாண்டியைப் பார்த்தேன். "மேடம், வீட்டுல கனகாவுக்கு முகத்துல திட்டுத் திட்டா இருக்காம். நல்ல கிரீமா ஒண்ணு சொல்லுங்க" என்றார். மனைவிக்குக் கிரீம், என்னிடம்! மட்டமான ஒன்றைச் சொல்லத்தான் நாக்கு துடித்தது. நல்லதையே எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

பாய் காலையில் போன் செய்தார். நேற்று ஆறாவது பாட்டை முடித்துவிட்டுக் கேம்ப்புக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

பார்லருக்குப் போனேன். யார் செத்துட்டாங்கன்னு சொல்லி லீவு கேக்குறது? நான் அவருக்கு யாரு?

அக்டோபர் 14, செவ்வாய்

உடல் ஊருக்குப் போய்விட்டது. நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. கூடப் பாடினவள் என்று போய் நின்றால் ஊர் என்ன அர்த்தம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நவம்பர் 4, செவ்வாய்

தெரியாத நம்பர். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. "நான் கனகா பேசுறேன்க்கா. அவரு சம்சாரம்."

பாய் ஆறு பாட்டையும் அவளுக்கு அனுப்பியிருக்கிறார். அடக்கம் செய்த நாளிலிருந்து எண்ணி முப்பதாம் நாள் கும்பிடும்போது வீட்டில் போட ஆசைப்படுகிறாள். ஆனால் போட முடியவில்லை. "நீங்க நல்லாத்தான் பாடுறீக. ஆனா சொந்தக்காரவுக, யாரு அந்தப் பொம்பளைன்னு கேக்காக. உங்க குரல எடுத்துட்டு அவரு குரல மட்டும் தர முடியுமாக்கா? தப்பா எடுத்துக்கிடாதீக."

கோபம் வந்தது. எடுத்துவிட்டால் அது என்ன பாட்டு? பாதி நேரம் சும்மா கிடக்கும். அதைவிட, அவர் பதில் சொன்னது எனக்கு. பாட்டுக்காகவே இருக்கட்டும், எனக்குத்தானே சொன்னார்? அந்த ஆறு பாட்டை விட்டால் எனக்கு வேறு எங்கே இடம்?

அவள் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முடியும் என்று சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பாயிடம் போனேன். இரண்டு குரலும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. என் குரலை அடக்க நிமிட வேலை. ஆறு முறை க்ளிக். நான் இல்லை.

"ஒரு தடவ கேட்டுட்டு அனுப்பலாம்மா, இல்ல நான் கேட்டுச் சரி பண்ணிட்டு நாளைக்கு அனுப்புறேன்" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? நாள் நெருங்கிடுச்சு. இப்பவே அனுப்புங்க" என்று கத்திவிட்டேன். நானில்லாத பாட்டைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவரும் அனுப்பிவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

கனகா மறுபடியும் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

முப்பதாம் நாள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, சத்தமாக வைத்துப் போட்டிருக்கிறார்கள். "நாலாவது பாட்டுல, நீங்க பாடுற எடம் சும்மா கெடக்குல்லக்கா. அங்கன அவரு மெதுவா உமான்னு சொல்றாரு."

ஹெட்ஃபோனில் என்னைக் கேட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். மைக் திறந்திருக்கிறது. இத்தனை நாள் என் குரலுக்கு அடியில் கிடந்தது, என்னை எடுத்ததும் வெளியே வந்துவிட்டது.

"மேடம்னுதான் கூப்பிடுவாரு கனகா. சத்தியமா."

"தெரியும்க்கா. பேசிப் பழகியிருந்தா அப்படி ஒளிச்சு மெதுவாச் சொல்லியிருக்க மாட்டாரு." பிறகு, "என்னைய ஒருநாளும் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தா'ம்பாரு. அம்புட்டுத்தான்."

பாவி மனுசா. என்கிட்ட சொல்லியிருக்கலாம், இல்ல சொல்லாமலே போயிருக்கலாம். அவ காதுலயா வந்து விழணும்?

சந்தோஷமாகவும் இருந்தது. அதை வேறு எங்கே சொல்வேன்? அவள் கேட்டுக் குலைந்ததை வைத்து எனக்குச் சந்தோஷம்.

போனை வைக்கும்முன் கேட்டாள்: "அந்தப் பேர மட்டும் எடுத்துத் தருவீகளாக்கா?"

நவம்பர் 25, செவ்வாய்

மீராசா பாய்க்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. "பாட்டுல உங்க குரலுக்கு அடியில போயிடும்னு விட்டுட்டேன்மா. அன்னைக்கு எடுத்துட்டு அனுப்பலாம்னுதான் நாளைக்குன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அஞ்சாவது பாட்டு பாட வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன்.

அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்டார். "வெட்டுனத தனியா உங்களுக்கு வச்சுக்கவா, அழிச்சுடவா?"

"அழிச்சுடுங்க பாய். அதுக்கு முன்னாடி ஒரு தடவ போடுங்க."

ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, டீ போடுவதாக உள்ளே போனார். ஒரு தடவைதான் கேட்டேன். பிறகு அவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். சரியாக எடுபட்டிருக்கிறதா என்று முழுப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டு, நானே கனகாவுக்கு அனுப்பினேன்.