வலது கால் மட்டும்

ராஜபாளையம்
10.6.2025

அன்புள்ள கேத்ரினுக்கு,

நான் முதலில் கவனித்தது டேப்பைத்தான். ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் பார்லருக்கு வந்தபோது ஜெயசித்ரா அக்கா உன் தொடையை இரண்டு தடவை அளந்தார்கள். கட்டுப் போடுவதற்கு முன்னால் டேப்புக்குள் ஒரு விரல் போகிற அளவுக்குத் தளர்வு இருந்தது. கட்டை அவிழ்த்த பிறகு அதே டேப் சதைக்குள் பதிந்தது. அளந்த இடமும் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. ஒன்றரை இஞ்ச் குறைந்துவிட்டதாக அக்கா சொன்னதும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் குனிந்துகொண்டு துணியைச் சுருட்டினேன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் அண்ணன் கையில். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடையைப் பற்றி உன்னிடம் எப்படிப் பேச? அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்பதாவதோடு நின்ற பிறகு நான் சத்திரப்பட்டியில் மூன்று வருடம் பேண்டேஜ் துணி சுருட்டினேன் அல்லவா, அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் அக்கா என்னை வேலைக்கு எடுத்தார்கள். இந்த செல்லுலைட் ட்ரீட்மென்ட் என்பது தொடைத் தோலில் விழுகிற குழி போவதற்காக க்ரீம் தடவி, அரை மணி நேரம் தேய்த்து, இறுக்கிக் கட்டி வைப்பது. துணியை இறுக்கிச் சுருட்டினால் உருளை சின்னதாகத் தெரியும். பிரித்துப் போட்டால் பழையபடி உப்பிவிடும். காலும் அப்படித்தானோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

என் தொடையிலும் குழி உண்டு. நான் உன்னைவிட ஒல்லி, இருந்தும் உண்டு. நாளை முதல் வலது காலுக்கு மட்டும் க்ரீமும் கட்டும் போடப் போகிறேன். இடது காலைத் தொட மாட்டேன். கை பழகுவதற்கு என்று சொல்லி அக்காவிடம் க்ரீம் கேட்டுவிட்டேன். ஒரு மாதம் பொறு. அதுவரை இரண்டாவது சிட்டிங்குக்கு வராதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
மாடத்தி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.2025

ஏட்டி மாடத்தி,

உன் கடிதத்தை அம்மா பிரிக்காமல் கொடுத்தது கர்த்தர் செயல். "இந்தக் காலத்துல கவர்ல எழுதுதாளே, கல்யாணம் கில்யாணம் வச்சிருக்காளா?" என்று கேட்டாள். ஆமாம், அவள் காலுக்குக் கல்யாணம் என்று சொல்ல நினைத்தேன்.

உனக்கு ஒரு விஷயம் நான் சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒரு வாலிபால் மேட்ச். நான் சர்வீஸ் போட நின்றேன். எதிர் டீமில் ஒருத்தி என் தொடையைக் காட்டி, "ஏட்டி சீத்தாப்பழம், பழுத்து விழுந்திராத" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும் சீத்தாப்பழம், சீத்தாப்பழம்தான். வரிசையாக நாலு பந்தை நெட்டில் அடித்தேன். அவள் சொன்னதுகூடப் பெரிசில்லை. எங்கள் டீம் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ட்ராக் பேண்ட் போட்டுத்தான் ஆடுகிறேன். ஆகஸ்ட் டோர்னமென்டில் எல்லோரும் ஷார்ட்ஸில்தான் இறங்க வேண்டும் என்று கோச் பிரேம்குமார் சார் சொல்லிவிட்டார். ஜூலை 28க்குள் பேர் கொடுக்க வேண்டும். இந்தக் குழி போகாவிட்டால் நான் பேர் கொடுக்கப் போவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஆடிய ஆட்டம் அதோடு முடிந்தது.

டேப் எப்படியும் இருக்கட்டும். உங்கள் உள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிற படம் பொய்யா? ஒரு பக்கம் குழி விழுந்த கால். பக்கத்தில் அதே கால் வழவழவென்று. ஓரத்தில் ரோஜாப் பூ ஒட்டி, கீழே 'எட்டே சிட்டிங்கில்' என்று எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அந்தக் காலுக்குப் போனது என் காலுக்குப் போகாதா?

நீ கேட்டதற்காக ஒரு மாதம் பொறுக்கிறேன்.

கேத்ரின்


ராஜபாளையம்
13.7.2025

அன்புள்ள கேத்ரினுக்கு,

நீ எழுதியதைப் படித்தபிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மார்ச்சில் நடந்ததை ஜூனில் சொல்கிறாய். போகட்டும்.

நாலரை வாரம் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் வலது காலுக்கு மட்டும் எல்லாம் செய்தேன். அந்த க்ரீமில் காப்பித்தூள் வாசனை வரும். சத்து உள்ளே இறங்கிக் கொழுப்பைக் கரைக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. தொடையில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே அளந்தேன். டேப்பை நான் இழுக்கவில்லை.

கட்டை அவிழ்த்ததும் முக்கால் இஞ்ச் குறைகிறது. அது உண்மை. தோலும் செத்த நேரம் சமமாகத் தெரிகிறது. காலையில் கட்டினால் சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் அளவு பழையபடி ஆகிவிடுகிறது. ஒரு நாள்கூட மறுநாள் வரைக்கும் நிற்கவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் மிருதுவாகியிருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் குழி அப்படியே இருக்கிறது.

என் கண்ணை நம்பாமல் இன்னொரு காரியமும் செய்தேன். கடையில் என்னோடு வேலை பார்க்கும் இன்பம் அக்காவிடம் எந்தக் கால் என்று சொல்லாமல் இரண்டையும் காட்டினேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி நன்றாகப் பார்த்துவிட்டு, ட்ரீட்மென்ட் எடுத்தது இடது கால் என்றார்கள். நான் தொடாத கால்.

கேத்ரின், நீ ஒரு தோல் டாக்டரைப் பார். நான் சொல்வது ஒரு காலை வைத்துத்தான். அவர்கள் நூறு காலைப் பார்த்திருப்பார்கள். வெட்கமாக இருந்தால் அம்மாவைக் கூட்டிப் போ.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நேரில் சொல்கிறேன்.

உன்
மாடத்தி


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.7.2025

மாடத்திக்கு,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். லேடி டாக்டர்தான். ஒரு நிமிஷம் பார்த்தார்கள், பத்து நிமிஷம் பேசினார்கள். பஞ்சு மெத்தையில் நடுநடுவே நூலை இழுத்துத் தைத்திருப்பார்கள் இல்லையா, தோலுக்கு அடியிலும் அப்படி நார் இருக்கிறதாம். நார் கீழே இழுக்க, கொழுப்பு மேலே தள்ள, நடுவில் குழி விழுகிறதாம். க்ரீம் அவ்வளவு ஆழத்துக்குப் போகாதாம். தேய்த்தால் நீர் வடிந்து சில மணி நேரம் வித்தியாசம் தெரியுமாம், அம்புட்டுதான். பெரிய ஊர்களில் ஊசி விட்டு அந்த நாரையே அறுத்து விடுகிறார்களாம். சிலருக்கு அது ஒன்றிரண்டு வருஷமோ கூடவோ நன்றாக நிற்கிறதாம், எல்லாருக்கும் இல்லையாம். "பத்துப் பொம்பளையில எட்டொம்பது பேருக்கு இது இருக்கு. எனக்கும் இருக்கு. இது நோயில்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்களுக்கு என்ன, அவர்கள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டா ஊசி போடுகிறார்கள்?

நீயும் டாக்டரும் ஒன்று சொல்கிறீர்கள். சுவரில் இருக்கிற படம் வேறு சொல்கிறது. அதை என் கண்ணாலே பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்டால் நேரில் சொல்கிறேன் என்று மழுப்புகிறாய். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ பள்ளிக்கூடத்தையும் பந்தையும் சேர்த்தே விட்டாய். நான் விடவில்லை. நானும் விட வேண்டும் என்று உனக்கு ஆசையோ என்னவோ.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சிட்டிங்குக்கு வருகிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் இன்பம் அக்கா கட்டட்டும்.

கேத்ரின்


ராஜபாளையம்
23.7.2025

அன்புள்ள கேத்ரினுக்கு,

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. இப்போதும் எழுதி எழுதிக் கிழித்து, இது மூன்றாவது தாள்.

படத்தில் இருக்கிறது என் கால்.

போன வருடம் நான் சேர்ந்த புதிதில் எடுத்தது. என்னை டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்க வைத்து, சதையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அக்கா ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ஜன்னலுக்கு எதிரே படுக்க வைத்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம்கூட இல்லை. க்ரீம் தடவவில்லை, கட்டுப் போடவில்லை, எட்டு சிட்டிங்கும் இல்லை. வெளிச்சம் மேலேயிருந்து விழுந்தால் குழி தெரியும். எதிரேயிருந்து விழுந்தால் தெரியாது.

நம்பாவிட்டால் அந்த ரோஜாப் பூ ஒட்டியிருந்த இடத்தில் பார். முட்டிக்கு மேலே, வெளிப்பக்கம், ஏழு தையல் போட்ட தழும்பு. எட்டாம் வகுப்பில் நீ அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய், நீ எடுக்கச் சொல்லி, நான் ஏறி, கம்பி கிழித்தது. உன் துப்பட்டாவால்தான் கட்டினாய். கட்டும்போது என்னைவிட நீதான் அதிகமாக அழுதாய். நீ பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்கு எப்போதும் பயம். அடுத்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அக்கா பூ ஒட்டினார்கள். அதை நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். அதுதான் என் தப்பு.

நீ பந்தை விட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ ஆடுகிறாய் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. 28ஆம் தேதி பேர் கொடு. ஆகஸ்டில் நான் வந்து முன் வரிசையில் உட்காருவேன். அவர்கள் சீத்தாப்பழம் என்றால் எதிர்த்துக் கத்த எனக்கு வராது. ஆனால் சிரிக்காமல் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பாள்.

நேற்று ஜெயசித்ரா அக்காவிடம் பேசினேன். த்ரெட்டிங், ஃபேஷியல் எது வேண்டுமானாலும் செய்கிறேன், அந்தக் கட்டு மட்டும் இனிமேல் போட மாட்டேன், படத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அக்கா திட்டவில்லை. "ஏட்டி, எல்லாக் கடையிலயும் இப்படித்தான் படம் போடுதாவ. வாரவளுக்கு ரெண்டு நாள் மனசு குளுந்தா போதாதா?" என்றார்கள். படம் சுவரிலேயே இருந்தது.

இன்று காலையில் தங்கபாய் அம்மா வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், அவர்களுக்கு இது ஐந்தாவது சிட்டிங். அக்கா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்தப் படத்தைப் பார்த்து, "எனக்கு எப்ப தாயி இப்படி ஆகும்?" என்று கேட்டார்கள்.

நான் இன்பம் அக்காவுக்காகச் சுருட்டிக்கொண்டிருந்த கட்டுத் துணியைக் கீழே வைத்தேன். சுவரோரம் போய் நகத்தால் அந்த ரோஜாப் பூவைச் சுரண்டி எடுத்தேன். அதற்குள் அக்கா உள்ளே வந்து நின்றுவிட்டார்கள். நான் ஜன்னலை அடைத்து, டியூப்லைட்டைப் போட்டு, அதன் கீழே நின்று, பேண்ட்டைத் தொடை வரை சுருட்டி, படத்தில் இருக்கிற அதே தழும்பையும் குழியையும் காட்டினேன்.

உன்
மாடத்தி