212ஆம் பக்கத்துச் சீட்டு

என்னங்க,

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். சாவி செருப்பு அலமாரியின் மேல். நான் புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

இந்த வாரம் முழுக்க அந்த நாவலும் கையுமாகவே இருந்தீர்கள். திங்கட்கிழமை நான் வாயைத் திறந்ததும், "படிச்சிட்டிருக்கேன்லா, அப்புறம் பேசு" என்று கையைக் காட்டினீர்கள். அதனால் சொல்ல வந்ததை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கடைசி அத்தியாயத்தில் 212ஆம் பக்கத்தில் செருகிவைத்தேன்.

புதன்கிழமை உங்கள் வாசகர் வட்டத்துச் சந்திரசேகரன் அண்ணனிடம் போனில், "அந்த முடிவு இருக்கே, அழுதுட்டேண்ணே!" என்றீர்கள். அரை மணி நேரம் அந்த முடிவைப் பற்றியே பேசினீர்கள். பிறகு போய்ப் பார்த்தேன். சீட்டு மடிப்புக் கலையாமல் அதே இடத்தில் இருந்தது. இன்று ஞாயிறு, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சாயந்திரம் ஐந்து மணிக்கு வட்டத்து ஆட்கள் வருவார்கள். கூவே பலகாரம் வாங்கி மேசையில் மூடிவைத்திருக்கிறேன். தேநீரை நீங்களே கலக்கிக்கொள்ளுங்கள்.

துளசி

பி.கு: புத்தகத்தைத் தேட வேண்டாம். அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "கடைசி அத்தியாயத்தை நீங்களே எல்லாருக்கும் சத்தமா வாசிங்கண்ணே, அவருக்கு ரொம்பப் பிடிச்ச இடம்" என்று சொல்லியிருக்கிறேன். சீட்டையும் அவரே வாசிப்பார்.

இன்னொன்று. சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: "வெள்ளிக்கிழமை எனக்கு மார்பில் ஸ்கேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. கூட வாருங்கள்."

தனியாகத்தான் போனேன். ரிசல்ட் வந்துவிட்டது. அதை எந்தப் புத்தகத்திலும் வைக்கவில்லை.